அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைப்பு

சாலிகிராமம், சென்னை
2.2.2003

அன்புள்ள சூடாமணி அக்காவுக்கு,

சௌக்கியமா என்று ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிற அப்பா, 'அதற்கு என்ன ஆதாரம்?' என்று ஓரத்தில் எழுதுவார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் படம் கிடைத்துவிட்டது. பதினோரு வருஷம் அடுத்தவர்களுக்குக் கிளாப் அடித்தவனை நம்பி ஒரு புண்ணியவான் பணம் போடுகிறார். பெயர் ஆண்டிச்சாமி. போடியில் ஏலக்காய் வியாபாரம்.

என்ன கதை சொன்னேன் தெரியுமா? நம் கதைதான். மதுரையில் ஒரு வீடு. அப்பா காலேஜில் கணக்கு வாத்தியார், அம்மா தாவரவியல். பிள்ளைகள் இரண்டும் முதல் மார்க். ஞாயிறு மூன்று மணிக்கு வீட்டுக் கூட்டம். ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும். மற்ற மூவரும் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைப்பு. அம்மா அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், பக்கத்து அறையில் இருக்கிறவர் மனசில் என்ன என்பதைத் தவிர.

ஆண்டிச்சாமி அண்ணன் அரை மணி நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏம்ப்பா, நெசமாவே இப்படி ஒரு குடும்பம் இருக்கா? சோறாவது ஒண்ணா உக்காந்து திம்பாகளா?" என்றார். தின்பார்கள், ஆளுக்கொரு புத்தகத்தோடு என்றேன். மறுபடி சிரித்தார்.

இப்போது உன் உதவி வேண்டும். எனக்குப் பாதி ஞாயிறுகள் மறந்துவிட்டன. உனக்கு ஒன்றும் மறக்காது. நினைவு வருவதையெல்லாம் எழுது. முக்கியமாக, 88-ல் நீ அழகுபாண்டி விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தாயே, அந்த நாள். கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து பத்து நிமிஷம் பேசுவதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அது படத்தில் இடைவேளைக்கு முன்னால் வரவேண்டிய காட்சி.

போனில் பேசலாம்தான். ஆனால் அப்பா எடுத்தால் "சொல்லு", "சரி", "வைக்கிறேன்" மூன்றோடு முடிந்துவிடும். எழுது.

உன் தம்பி
உமேஷ்

*

வில்லாபுரம், மதுரை - 12
16.2.2003

அன்புத் தம்பி உமேஷுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே எழுத நினைத்தேன். வேலை முடிந்து கப்பலூரிலிருந்து வீடு வந்து சேரும்போது ஏழரை ஆகிவிடுகிறது. கை கால் கழுவி, அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அப்பாவுக்குக் கோதுமைக் கஞ்சி வைத்துக் கொடுத்தால் அப்புறம் பேனாவைத் தூக்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. ரப்பர் கம்பெனி லேபில் பதினேழு வருஷம் ஆகிறது. தலைமுடியில் அந்த வாடை இனிப் போகாது என்று நினைக்கிறேன்.

படம் கிடைத்ததில் சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன். "எத்தனை ரீல்?" என்று கேட்டார். அது சந்தோஷம்தான். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டு யாருக்காக என்று சொல்லவில்லை.

நீ கேட்டது. 79-ல் அம்மாவின் அப்பா இறந்துபோனார். அம்மா காரியமெல்லாம் முடிந்து வந்து அந்த ஞாயிற்றுக்கிழமை, மாரடைப்பு என்றால் என்ன என்று பத்து நிமிஷம் பேசினாள். இதயத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினாள். நல்ல படம். "கேள்வி உண்டா?" என்றாள். உனக்குப் பன்னிரண்டு வயசு. "உனக்கு அழுகை வரலையாம்மா?" என்று கேட்டாய். அப்பா, "தலைப்பை விட்டு வெளியே போகாதே" என்றார். அம்மா படத்தைத் துணியால் துடைத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள். காப்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாம் மூவரும் ஏன் என்று பார்க்கப் போகவில்லை.

அப்புறம் நீ இன்ஜினியரிங்கில் தங்க மெடல் வாங்கிவிட்டு, சினிமாவுக்குப் போகிறேன் என்று சொன்ன ஞாயிறு. அப்பா கேட்ட கேள்வி, "வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை?" நீ "மூன்று" என்றாய். "நேர்மையான பதில். போ" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவரும் வரவில்லை. அம்மா உன் பையில் வைத்த முறுக்கை நீ திண்டுக்கல் தாண்டித்தான் பார்த்தாய் என்று எழுதியிருந்தாய்.

இவற்றை எல்லாம் எடுத்துக்கொள். என்னையும் எப்படி வேண்டுமானாலும் காட்டு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுவிடு, பரவாயில்லை. ஆனால் 88 மட்டும் வேண்டாம். அந்த நாளை வைத்துச் சிரிக்க என்னால் இன்னும் முடியவில்லை. நாற்பத்தொரு வயசாகிவிட்டது, முடிந்திருக்கவேண்டும், முடியவில்லை. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. சினிமா கம்பெனி டீயையே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா
சூடாமணி

*

சாலிகிராமம்
3.3.2003

அக்கா,

சரி. 88 இல்லை. சத்தியம். அம்மா காப்பி போடப் போனதை எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. நான் அப்படிக் கேட்டேனா? நல்ல பையனாகத்தான் இருந்திருக்கிறேன்.

முதல் பிரதி எழுதி முடித்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு காப்பி அனுப்புகிறேன். அவர் பார்க்காமல் படமெடுத்தால் வாழ்நாள் பூராவும் பிழைதிருத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒரே வருத்தம், நம் பாஷை படத்தில் கிடையாது. சௌராஷ்டிரத்தில் பேசினால் கீழே எழுத்துப் போடவேண்டும், மதுரையைத் தாண்டி ஓடாது என்கிறார் ஆண்டிச்சாமி அண்ணன். எல்லாரும் தமிழிலேயே அறிவாளியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லு. படத்துக்காக இல்லை, எனக்காக. 88-ல் நானும் ஒரு கேள்வி கேட்டேன் என்று ஞாபகம். லீவுக்கு வந்திருந்தேன். என்ன கேட்டேன் என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

உமேஷ்

*

வில்லாபுரம்
27.4.2003

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அப்பா உன் கதையை ஐந்து வாரம் படித்தார். பென்சிலும் கையுமாக. திருத்தங்களைத் தனியே அனுப்புகிறார், இருந்தாலும் ஒன்றிரண்டு சொல்கிறேன். பக்கம் 31-ல் உன் கதாநாயகன் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஒரு பாட்டு முடிவதற்குள் வில்லாபுரத்தில் இறங்குகிறான். 'சாத்தியமில்லை. குறைந்தது முக்கால் மணி' என்று எழுதியிருக்கிறார். பக்கம் 12-ல், 'இந்தத் தகப்பன் பாத்திரம் இயற்கையாக இல்லை. இப்படி ஒருவர் இருக்கமுடியாது.' அம்மாவிடம் காட்டினேன். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் எழுதவேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார், "இதில் சூடாமணி கல்யாண விஷயம் வைத்த ஞாயிறு இல்லையே. ஏன் விட்டான்?" நான்தான் விடச் சொன்னேன் என்றேன். "ஏன்? அது முடிவு தெரியாத விஷயம். அடுத்த வாரம் நீ பதில் கொண்டுவரவில்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களே என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "யார் வேண்டாம் என்று சொன்னது? ஒத்திவைத்தோம்" என்றார்.

உமேஷ், அந்த ஞாயிற்றுக்கு அப்புறம் வந்த புதன்கிழமை அப்பா உசிலம்பட்டிப் பக்கம் அழகுபாண்டியின் ஊருக்குப் போயிருக்கிறார். யார் என்று சொல்லிக்கொள்ளாமல், எருமை விலைக்கு வாங்க வந்தவர் மாதிரிப் பேசினாராம். நம் அப்பா! அழகுபாண்டியின் அம்மா சோலையம்மாள், "எருமை கெடக்கட்டும், வெயில்ல வந்திருக்கீக, மோரு குடிங்க" என்று உட்காரவைத்துச் செம்பு நிறைய மோர் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்து அம்மாவிடம், "நல்ல மனிதர்கள். சாதி, பாஷை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு சொல்லிவிடலாம்" என்றாராம். அம்மா அதற்குள் ஆசாரியிடம் வளையலுக்கு அளவு கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நான் மழைநீரில் அமிலம் கலப்பதைப் பற்றிப் பேசினேன். இவர்கள் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் காத்திருந்து, நான் விஷயத்தைக் கைவிட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள். கேட்டால் என் மனசு சங்கடப்படும் என்று கேட்கவில்லையாம். நானோ, மூன்று கேள்விகள் கேட்டதே வேண்டாம் என்பதைத்தான் சுற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பதினைந்து வருஷம், ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில். இவ்வளவு படித்தவர்கள் நாம்.

அழகுபாண்டி எட்டு மாதம் காத்திருந்தார். அவர் கல்யாணத்துக்கு நானும் போய், எவர்சில்வர் குடம் கொடுத்துவிட்டு வந்தேன். போன வருஷம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பார்த்தேன். கூட மகள். அஸ்வினியாம். "கும்பிட்டுக்க பாப்பா, நாங்க ஒரே கம்பெனியில வேலை பாத்தோம்" என்றார். அவ்வளவுதான்.

நீ கேட்டதற்குப் பதில். அப்பாவின் கேள்வி, "குழந்தைகள் வீட்டில் எந்தப் பாஷை பேசும்?" இரண்டும் பேசும் என்றேன். அம்மாவின் கேள்வி, "அவர் அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். "உனக்கு இருப்பது அவர் மேல் அன்பா, இல்லை இந்த வீட்டை விட்டுப் போகிற ஆசையா? எது என்று எப்படிப் பிரித்துச் சொல்வாய்?" என்று கேட்டாய். அப்பா, "நல்ல கேள்வி" என்றார். உனக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். பிரிக்கத் தெரியாதவளுக்கு ஆசைப்படத் தகுதியில்லை என்று தோன்றிவிட்டது. அதனால்தான் மழைநீர்.

உன் மேல் கோபமில்லை. உனக்கு இருபத்தோரு வயசு. கேட்டாய், எழுதிவிட்டேன்.

அக்கா

*

சாலிகிராமம்
11.7.2003

அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டேன். மன்னிப்பு என்று எழுதினால் நம் வீட்டில் அது சின்ன வார்த்தை, எழுதாவிட்டால் அதைவிட மோசம். என்னை மன்னித்துவிடு. அந்தக் கேள்வி எனக்கு ஞாபகமே இல்லை என்பதுதான் என்னைக் கொல்கிறது. உன் பதினைந்து வருஷம், எனக்கு ஒரு மத்தியானம்.

இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதுகிறேன். படத்துக்கு உயிர் இதுதான் அக்கா. எருமை, மழைநீர், மோர், எல்லாம். இது இல்லாவிட்டால் என் படம் வெறும் கிச்சுகிச்சு. சிரித்துக்கொண்டே இருக்கிற ஜனம் ஓர் இடத்தில் அப்படியே வாயை மூடிக்கொள்ளும். பெயரை மாற்றுகிறேன், ஊரை மாற்றுகிறேன். அந்தப் பெண்ணை நான் தோற்கவிட மாட்டேன். அடுத்த ஞாயிறு அவளே எழுந்து பேசுவாள். அவளுக்கு நல்லது நடக்கும்.

சத்தியம் செய்ததை மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். செப்டம்பரில் அந்தக் காட்சி. அதற்குள் வேண்டாம் என்று ஒரு கார்டு போடு, தொடமாட்டேன். ஒன்றும் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உமேஷ்

*

சாலிகிராமம்
18.2.2004

அன்புள்ள அக்காவுக்கு,

பழி வாங்குவதுபோல ஏழு மாதம் நீயும் எழுதவில்லை. அம்மாவின் வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அப்பாவின் ஒரு வரிக் கார்டில்தான் தெரிந்துகொண்டேன். 'பார்வை 6/9. வேறு விசேஷமில்லை.'

வருகிற 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. 'ஞாயிறு மூன்று மணி'. மதுரையிலும் போடுகிறார்கள். டிக்கெட் கொடுக்க ஆண்டிச்சாமி அண்ணனின் ஆள், காளை என்பவர், வீட்டுக்கே வருவார். அந்தக் காட்சி இருக்கிறது அக்கா. நீ வேண்டாம் என்று எழுதவில்லை, அதனால் எடுத்தேன். போட்டுக் காட்டின இடத்திலெல்லாம் அதற்குத்தான் பெரிய சிரிப்பு, அதற்கு அப்புறம் பெரிய அமைதி. நீ பார்த்தால் புரிந்துகொள்வாய். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. என்னால் அந்த வாரம் சென்னையை விட்டு நகரமுடியாது.

அன்புடன்
உமேஷ்

*

வில்லாபுரம்
4.3.2004

அன்புத் தம்பி உமேஷுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனோம். அம்மா ஆட்டோவில் ஏறும்போதே, "மூன்று மணிக்கு யாரும் வீட்டில் இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை" என்றாள். என் கம்பெனியிலிருந்து முத்துத்தாயும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். தியேட்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

படம் நன்றாக இருக்கிறது. இதை முதலில் சொல்லவேண்டும், பொய்யில்லை. அம்மாவாக நடித்தவள் இதயத்தைத் துடைக்கிற இடத்தில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் மூக்கைச் சிந்தினார். நம் அம்மா தன் புதுக் கண்ணால் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தக் காட்சி. அந்தப் பெண் கையில் காகிதத்தோடு எழுந்து நின்றதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தம்பி கேள்வி கேட்டதும் முன் வரிசையில் ஒருவன் விசிலடித்து, "சரியான கேள்விடா மாப்ள!" என்று கத்தினான். தியேட்டரே அதிர்ந்தது. என் பக்கத்தில் முத்துத்தாயும் சிரித்தாள், பாவம், அவளுக்கென்ன தெரியும். நான் உடம்பெல்லாம் கூசி உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒருவர் பாராட்டியதையே பதினைந்து வருஷமாக மறக்கமுடியாமல் இருக்கிறேன். நீ நானூறு பேரைப் பாராட்ட வைத்துவிட்டாய்.

நீ சொன்ன அமைதியும் வந்தது. ஆனால் அந்த அமைதி உன் கதாநாயகிக்கு. அடுத்த ஞாயிறு அவள் எழுந்து அழகாகப் பேசுகிறாள், அப்பா எழுந்து கை தட்டுகிறார், மாப்பிள்ளை எருமையோடு வந்து நிற்கிறான். ஜனங்களும் கை தட்டினார்கள். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறாய். எனக்குச் செய்யமுடியாததை அவளுக்குச் செய்திருக்கிறாய். அதைப் பார்க்கும்போதுதான் ரொம்ப அசதியாக இருந்தது.

இடைவேளையில் அப்பா வெளியே போனவர் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தேன். சோடாக் கடை ஓரமாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். நம் பாஷையில் சொன்னார், "நான் அன்றைக்கே உன் அறைக்கு வந்து கேட்டிருக்கவேண்டும். வாசல் வரைக்கும் வந்தேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆமாம்பா, கேட்டிருக்கவேண்டும்" என்றேன். பொது இடத்தில், ஜனக்கூட்டத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டார். எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, மணிக்கட்டைப் பிடித்தார். அதற்கு நீதான் காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். உன் ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் எழுதினேன். நாலு பக்கம். அம்மாவுக்கு ஆபரேஷன் நடக்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். ஏன் வேண்டாம் என்பதற்கு ஐந்து காரணம் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தபோது மூன்றாவது காரணம் வலுவாக இல்லை. நீ எளிதாக உடைத்துவிடுவாய் என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று இருந்தேன். செப்டம்பர் போய்விட்டது. 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை எழுதிப் போட்டாலே போதும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் இந்த வீட்டுப் பெண்தானே.

ஆனால் நீ ஏற்கெனவே சத்தியம் செய்திருந்தாய். என் மௌனத்தை அப்பா அம்மா எப்படி எடுத்துக்கொண்டார்கள், அதனால் என்ன ஆயிற்று என்று நான் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அதே மௌனத்தை நீயும் உன் வசதிக்கு எடுத்துக்கொண்டாய். அப்பா அம்மா தெரியாமல் செய்தார்கள். நீ தெரிந்தே செய்தாய். வலித்தது, உமேஷ். இன்னும் வலிக்கிறது.

உன் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உன் கதாநாயகி சொன்ன பதில் வெறும் வசனம். என்னுடையது இது. இரண்டும்தான். அவர் மேல் அன்பும் இருந்தது, இந்த வீட்டை விட்டுப் போகிற ஆசையும் இருந்தது. எதற்காகப் பிரிக்கவேண்டும்? ஊரில் ஒரு பெண்ணும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொள்வதில்லை. இருபத்தாறு வயசில் இது எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து நான் திருமங்கலத்தில் இருக்கப்போகிறேன். முத்துத்தாய் வீட்டு மாடி. கம்பெனிக்குப் பத்தே நிமிஷம். கோபத்தில் போகவில்லை. இனிமேல் சாயங்காலம் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடிக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை ராச்சாப்பாட்டின்போது சொன்னேன். கேள்வி ஒன்றும் வரவில்லை. அப்பா "எப்போது?" என்று மட்டும் கேட்டார். அம்மா கொஞ்சம் கழித்து, "தலையணையை எடுத்துக்கொண்டு போ. அங்கே உனக்குத் தூக்கம் வராது" என்றாள். ஞாயிறு தோறும் வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

ஏப்ரல் 22, வியாழக்கிழமை அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன். நாலு நாள் கூட ஒருவர் இருக்கவேண்டும். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடவேண்டும், குனியவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அப்பாவுக்குக் கஞ்சி வைக்கவேண்டும். போன தடவை நான் இருந்தேன். இந்தத் தடவை நீ வரவேண்டும். படம் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

வருகிறேன் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்றை எழுதிப் போடு. காரணம் எழுதவேண்டாம். ஒன்றும் வராவிட்டால் நான் எதுவாகவும் எடுத்துக்கொள்ள மாட்டேன், உமேஷ். பஸ் ஏறிச் சென்னைக்கு வந்து, உன் வாசலில் நின்று, சத்தமாகக் கேட்பேன்.

அக்கா
சூடாமணி